கைக்குட்டை முகமூடி ஆகாது

படகு வைத்திருக்கும் நண்பர்களுக்கும், படகுக்குப் பூச்சு அடித்துப் பிழைக்கும் தம்பிகளுக்கும் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான். முப்பது வருஷத்துக்கு மேல் வேதியியல் நடத்தியவன் நான். இந்த விஷயத்தில் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை.

எங்கள் கரையில் இப்போது ஸ்ப்ரே கோட்டிங் மோகம். மொட்டை மாடிக்கும் லாரித் தொட்டிக்கும் அடித்துக்கொண்டிருந்த பாலியூரியாவும் டூ-பேக் பாலியூரித்தேனும் ஃபைபர் படகின் டெக்குக்கும் ஐஸ் பெட்டிக்கும் வந்துவிட்டன. "ஒரு தடவை அடிச்சா போதும், கால் வழுக்காது, தண்ணி இறங்காது, நங்கூரம் விழுந்தாலும் கீறாது" என்கிறார்கள். நல்ல பூச்சுதான், மறுக்கவில்லை. என் சண்டை, அதை அடிக்கிற பையன் மூக்கில் கட்டியிருக்கும் கைக்குட்டையோடு.

போன மாதம் ஒரு பட்டறையில் பார்த்தேன். என்னிடம் படித்த பையன், ஐஸ் பெட்டிக்குள் தலையை விட்டு ஸ்ப்ரே கன் பிடித்துக்கொண்டிருந்தான். கையுறை இல்லை. காற்று போக வழியில்லை. படகுக்காரர் பத்தடி தள்ளி, துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார். அவருக்கு நாற்றம் தெரிகிறது. ஆனால் உள்ளே இருப்பவனுக்கு என்ன ஆகும் என்ற கேள்வி மட்டும் வரவில்லை.

டப்பாவில் என்ன இருக்கிறது? இந்தப் பூச்சுகள் இரண்டு பாகமாக வரும். ஒன்று பிசின். மற்றொன்றை ஹார்டனர் என்பீர்கள். அந்த ஹார்டனரில் இருப்பது ஐசோசயனேட். போபாலில் 1984 டிசம்பரில் கசிந்த மெத்தில் ஐசோசயனேட்டும் இதே குடும்பம். இதுதான் அது என்று சொல்லி உங்களைப் பயமுறுத்த மாட்டேன். அது எளிதில் ஆவியாகிப் பரவும். இது அவ்வளவு எளிதில் ஆவியாகாது. பிரஷால் பூசும்போது பெரும்பகுதி பலகையோடு நின்றுவிடும். ஆனால் கன்னில் போட்டு அடிக்கும்போது ஆவியாகாத பொருளையும் நாமே பொடிப்பொடித் துளியாக்கிக் காற்றில் விடுகிறோம். கண்ணுக்குத் தெரியும் புகைமூட்டம் அடங்கிய பிறகும், தெரியாத நுண்துளிகள் மிதந்துகொண்டே இருக்கும். அடித்து முடித்ததும் மாஸ்க்கைத் தூக்கிவிட்டு "ஃபினிஷிங் எப்படி?" என்று குனிந்து பார்ப்பீர்களே, அந்த நிமிஷமும் ஆபத்துதான்.

எவ்வளவு இருந்தால் ஆபத்து? இந்தப் பூச்சுகளில் வரும் எம்.டி.ஐ., எச்.டி.ஐ. இரண்டுக்கும் அமெரிக்கத் தொழில்சுகாதார வல்லுநர்கள் வைத்திருக்கும் வரம்பு 0.005 பி.பி.எம். நூறு கோடிப் பங்கு காற்றில் ஐந்து பங்கு. மூக்குக்கு வாசனை எட்டும்போது அந்த வரம்பை எப்போதோ தாண்டியிருப்போம். "நாத்தம் இல்ல சார், பயப்படாதீங்க" என்பதில் ஆறுதல் ஒன்றும் இல்லை.

இனி, நான் வழக்கமாகக் கேட்கும் மூன்று பதில்கள்.

"பத்து வருஷமா அடிக்கிறோம், ஒண்ணும் ஆகலையே." இதன் குணமே அதுதான் தம்பி. உடம்பு பல மாதம், சில சமயம் பல வருஷம் பொறுத்துக்கொள்ளும். ஒரு நாள் ஒவ்வாமை தொடங்கும். தொடங்கிவிட்டால், பிறகு துளி பட்டாலும் மூச்சு இழுக்கும். அந்தத் தொழிலையே விட வேண்டிவரும். தோலில் பட்டுப் பட்டும் இந்த ஒவ்வாமை வரலாம். அடையாளம் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள்: வேலை முடிந்த இரவில் நெஞ்சு இறுக்கம், இருமல், வீசிங், வேலைக்குப் போகாத நாட்களில் குறைகிறது, திரும்பப் போனால் மறுபடி. இப்படி இருந்தால் டாக்டரிடம் "நான் டூ-பேக் ஸ்ப்ரே அடிக்கிறேன்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் சளி மருந்தோடு அனுப்பிவிடுவார்.

"கரி மாஸ்க் போடுறோமே." கைக்குட்டையைவிட ஆயிரம் மடங்கு மேல். ஆனால் ஸ்ப்ரேக்கு அதை நம்பக் கூடாது. கரி தீர்ந்துபோனால் வாசனையை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. தாடி இருந்தால் ஓரத்தில் இடைவெளி விழும். பிரிட்டனில் டூ-பேக் ஸ்ப்ரே அடிப்பவருக்கு வெளியிலிருந்து குழாய் வழியே சுத்தக் காற்று தரும் முகமூடியைத்தான் வலியுறுத்துகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 ஆகஸ்ட் 24 முதல், 0.1 சதவீதத்துக்கு மேல் டை-ஐசோசயனேட் உள்ள பொருளைத் தொழிலில் கையாள வேண்டுமானால் முதலில் பயிற்சி பெற்றாக வேண்டும். இங்கே பயிற்சி என்றால், அண்ணன் அடிப்பதைத் தம்பி பார்த்துக்கொண்டு நிற்பது.

"அதெல்லாம் செலவு வாத்தியாரே, கட்டுப்படியாகாது." இதுதான் உண்மையான பதில். மற்ற இரண்டும் சாக்கு. எஞ்சினுக்கும் வலைக்கும் லட்சக்கணக்கில் செலவழிக்கிறோம். ஜி.பி.எஸ்., எக்கோ சவுண்டர் எல்லாம் வாங்குகிறோம். பையனின் நுரையீரலுக்கு வரும்போது மட்டும் கணக்குப் பார்க்கிறோம். பூச்சின் விலையைச் சொல்லும்போதே பாதுகாப்பின் விலையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதைக் கழித்துவிட்டு "சீப்பா முடிச்சேன்" என்று பெருமை பேசினால், மிச்சம் பிடித்த பணம் அந்தப் பையனுடையது.

இதில் வேடிக்கை என்னவென்றால், சின்னப் படகுக்கு ஸ்ப்ரேயே பெரும்பாலும் தேவையில்லை. ஒரு ஃபைபர் படகின் டெக்கை இரண்டு பேர் ரோலரில் ஒரு காலைப் பொழுதில் பூசிவிடலாம். வழுக்காமல் இருக்க, ஈரப்பூச்சின் மேல் கழுவிக் காயவைத்துச் சலித்த மணலைத் தூவி மேலே இன்னொரு கோட் போட்டால் போதும். மினுமினுப்பு கொஞ்சம் குறையும். மீனுக்கு அது தெரியப்போவதில்லை. ரோலருக்கும் கையுறையும் மாஸ்க்கும் காற்றோட்டமும் வேண்டும். ஆனால் காற்றில் பறக்கும் துளி மிகமிகக் குறைவு.

இன்னொன்று. மரப் படகாக இருந்தால், ஈரம் உலராத மரத்தின் மேல் தடித்த பூச்சை அடித்து மூடாதீர்கள். உள்ளே சிக்கிய ஈரம் வெளியேற வழியில்லாமல், மேலே பளபளப்பு, உள்ளே உளுத்த மரம் என்றாகிவிடும்.

ஸ்ப்ரேதான் வேண்டும் என்பவர்களுக்கு நான் சொல்வது நான்கு.

1. காற்றுக்குழாய் முகமூடி இல்லாமல் கன்னைக் கையில் எடுக்க விடாதீர்கள். அதற்கான கம்ப்ரஸருக்கு ஃபில்டர் வேண்டும். அது காற்றை இழுக்கும் இடம் எஞ்சின் புகையிலிருந்து தள்ளி இருக்க வேண்டும்.

2. உடம்பு முழுக்க மூடும் உடை, கையுறை. பனியனும் கைலியும் போதாது.

3. ஐஸ் பெட்டி போன்ற மூடிய இடத்தில் உறிஞ்சு விசிறி. பூச்சில் தின்னர் இருந்தால் தீப்பொறி தெறிக்காத விசிறி. வெளியே ஒரு ஆள் காவல்.

4. அடித்து முடித்த பிறகும் காற்று தெளியும்வரை முகமூடியைத் தூக்காதீர்கள். பக்கத்தில் பிள்ளைகளை விடாதீர்கள்.

பூச்சு விற்கும் கம்பெனிகளிடம் ஒரு கேள்வி. வண்ண அட்டையைத் தமிழில் அச்சடிக்கத் தெரிகிறது. எச்சரிக்கையை மட்டும் ஏன் எறும்பு எழுத்தில், ஆங்கிலத்தில் போடுகிறீர்கள்? மீனவர் சங்கங்கள் இதைக் கேட்க வேண்டும். நாலு சங்கம் சேர்ந்து ஒரு முகமூடி செட் வாங்கி வாடகைக்கு விட்டாலே பாதிப் பிரச்சினை தீரும். முகம் படும் பாகத்தை மட்டும் ஆளுக்கு ஒன்று வைத்துக்கொள்ளலாம்.

படகு உரிந்தால் அடுத்த வருஷம் மறுபடி அடிக்கலாம். நுரையீரலுக்கு இரண்டாவது கோட்டிங் கிடையாது.

லைக் வேண்டாம். பூச்சு வேலை பார்க்கும் ஒரு தம்பிக்காவது இதை அனுப்புங்கள். படிக்கச் சிரமப்படுபவராக இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டுங்கள்.