யார் பெயரில் வீடு?

போடிநாயக்கனூரில் பாதியில் நிற்கும் புது வீடு எதைப் பற்றிக் கேட்டாலும் பதில் ஒன்றுதான்: காங்கிரீட் போட்டாச்சு, பூச்சு பாக்கி, கரண்டு பாக்கி. பத்திரம் யார் பெயரில் என்று யாரும் கேட்பதில்லை.

விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து உட்கார்ந்து, போடிமெட்டு வளைவுகளில் ஏறி, பூப்பாறைப் பக்கம் ஏலக்காய் எடுக்கப் போகிறவளின் கூலிதான் அந்தச் செங்கல். அவள் வாங்கிய குழுக்கடன்தான் சிமெண்டு. அடகுக்குப் போன அவள் கம்மல்தான் நிலைக்கதவு. மனையும் வரி ரசீதும் அவர் பெயரில்!

"யார் பேர்ல இருந்தா என்ன, எல்லாம் ஒண்ணுதானே" என்பார்கள். ஒன்றுதான் என்றால் அவள் பெயரில் எழுதுவதற்கு என்ன தயக்கம்? குடித்துவிட்டு வந்து "என் வீட்டை விட்டுப் போ" என்று சொல்லும் இரவில் தெரியும், ஒன்றா இரண்டா என்று.

பெண்ணுக்குச் சம சொத்துரிமையை 1929லேயே செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு கேட்டது. 1989இல் தமிழ்நாடு சட்டம் செய்தது. அது மகளுக்கு, பரம்பரைச் சொத்தில். மனைவி உழைத்துக் கட்டிய வீட்டுக்கு? கணவர் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்திலும், வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவிக்குச் சம பங்கு உண்டென்று 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அதையும் வழக்காடித்தான் பெற வேண்டியிருந்தது. வீட்டு வேலைக்கே பங்கு என்றால், வீட்டு வேலையோடு கூலியையும் கொட்டியவளுக்கு?

பால் காய்ச்ச அவளை முன்னே நிறுத்தும் குடும்பம், அதற்கு முன் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அவளை அழைத்துப் போகட்டும். மனை அவர் பெயரில் இருந்தாலும் செட்டில்மெண்ட் பத்திரத்தில் பாதியை எழுதிவைக்க முடியும். தோழிகளே, பூச்சுவேலைக்கு அடுத்த தவணைப் பணம் கொடுக்குமுன் இதைக் கேளுங்கள்.