மறு கன்னம் யாருக்கு?

போன மாதம் மாணவர்களுக்கான பயிலரங்கு ஒன்றில் போதகர் ஒருவர் பேசினார். கிறிஸ்தவன் தீமையை எதிர்த்து நிற்கக் கூடாது, அடித்தவனுக்கு மறு கன்னத்தைக் காட்ட வேண்டும் என்றார். முடிக்கும்போது படைவீரர்களின் வெற்றிக்காக ஜெபித்தார். பின்வரிசையிலிருந்து ஒரு தம்பி எழுந்து, "அப்போ அந்த மறு கன்னம் எங்களுக்கு மட்டும்தானா ஐயா?" என்று கேட்டான். போதகர் சிரித்துவிட்டு எல்லோரையும் டீ குடிக்கப் போகச் சொன்னார்.

தோழர்களே, அந்தக் கேள்வி சிரித்துக் கடக்கக் கூடியதல்ல. தென்னாப்பிரிக்காவின் நிறவெறி ஆட்சி பைபிளைக் கையில் வைத்துக்கொண்டே நடந்தது. வெள்ளை இளைஞர்கள் இரண்டு ஆண்டுகள் கட்டாயமாகப் படையில் இருக்க வேண்டும். 1984 அக்டோபரில் அந்தப் படை சொந்த நாட்டின் கறுப்பினக் குடியிருப்புகளுக்குள் இறக்கப்பட்டது. 1985 ஈஸ்டர் அன்று ஜனாதிபதி பி.டபிள்யூ. போத்தா, கறுப்பின மக்களின் பெருந்திருச்சபையான சீயோன் கிறிஸ்தவ சபையின் கூட்டத்திற்கே போய், ரோமர் 13ஐ எடுத்துப் பேசினார். ஆளும் அதிகாரத்திற்குக் கீழ்ப்படி என்பதுதான் செய்தி. துப்பாக்கியை அனுப்பியவரே வசனத்தையும் கொண்டுபோனார்!

அதே ஆண்டு செப்டம்பரில் சோவெட்டோவிலிருந்து கைரோஸ் ஆவணம் வெளிவந்தது. 150க்கும் மேற்பட்ட இறையியலாளர்களும் போதகர்களும் கையெழுத்திட்டிருந்தார்கள். அது அரசை மட்டும் திட்டவில்லை, நடுநிலை பேசிய திருச்சபைகளையும் பிடித்துக்கொண்டது. எல்லா வன்முறையையும் கண்டிக்கிறோம் என்கிறீர்கள், பிறகு அதே ஒடுக்குமுறைப் படைக்குக் குருமார்களை நியமிக்கிறீர்களே, எப்படி? சிறுவன் எறியும் கல் வன்முறை, சிப்பாய் சுடுவது சட்டம் ஒழுங்கா? ரோமர் 13ஐக் காட்டுகிறவர்களிடம், அரசை மிருகமாகக் காட்டும் வெளிப்படுத்தின விசேஷம் 13 இருப்பதையும் அது நினைவூட்டியது.

வேதம் சிப்பாய்களைப் பற்றி என்னதான் சொல்கிறது? நேர்மையாகச் சொன்னால், நாம் விரும்புகிற அளவுக்கு நேராக எதையும் சொல்லவில்லை. இயேசு நூற்றுக்கு அதிபதியின் விசுவாசத்தைப் பாராட்டுகிறார், வேலையை விடச் சொல்லவில்லை. கொர்நேலியுவுக்கு ஞானஸ்நானம் கிடைக்கிறது, அங்கேயும் ராஜினாமா பேச்சில்லை. இந்த மௌனத்தை வைத்துப் படைகளை ஆசீர்வதிக்கிறவர்கள் உண்டு. அதே வேதத்தை நம்பிய மாக்சிமிலியான் என்ற இளைஞன், 295இல், இன்றைய அல்ஜீரியாவிலுள்ள தெபெஸாவில் ரோமப் படையில் சேர மறுத்துத் தலையை இழந்தான் என்பதை அவர்கள் பெரும்பாலும் சொல்வதில்லை.

எனக்கு முக்கியமாகப் படுவது லூக்கா 3. சிப்பாய்கள் யோவானிடம் வந்து நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறார்கள். மிரட்டிப் பறிக்காதே, பொய்க் குற்றம் சுமத்தாதே, சம்பளத்தோடு நிறுத்திக்கொள் என்கிறார். இதைப் படைக்குத் தரப்பட்ட நன்னடத்தைச் சான்றிதழாக வாசிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வியப்பாக இருக்கும். ஆயுதமும் சீருடையும் உள்ளவன் ஏழையிடம் என்னென்ன செய்வான் என்ற பட்டியல் அல்லவா அது! பொய் வழக்கு வாங்கிய சேரியில் இதற்கு விளக்கவுரை தேவைப்படாது.

மறு கன்னம் வரும் அதே மத்தேயு 5இல்தான், ஒரு மைல் வரச் சொன்னால் இரண்டு மைல் போ என்பதும் வருகிறது. ரோமச் சிப்பாய் ஆட்சிக்குட்பட்ட மக்களைப் பிடித்துத் தன் சுமையைத் தூக்க வைக்கலாம். நம் பாட்டன்மார் இதை வெட்டி வேலை என்றார்கள். அமெரிக்க இறையியலாளர் வால்ட்டர் விங்க் 1987இல் தென்னாப்பிரிக்காவை மனதில் வைத்து எழுதிய நூலில் இவற்றைப் பணிவாக அல்ல, ஆண்டானைத் திகைக்க வைக்கும் எதிர்ப்பாக வாசித்தார். வலது கன்னத்தில் விழுவது அடிமைக்குத் தரும் புறங்கை அறை, மறு கன்னத்தைக் காட்டினால் அப்படி அறைய முடியாது என்பது அவர் வாதம். நல்ல வாசிப்புதான். ஆனால் அடி வாங்கிக்கொண்டு வந்திருக்கும் ஒரு பெண்ணிடம் இதை என்னால் சொல்ல முடியவில்லை.

எந்தச் சமாதானவாதத்திற்கு அரசு பயப்படுகிறது என்பதைத் தென்னாப்பிரிக்காவின் 1983ஆம் ஆண்டுச் சட்டம் காட்டிக் கொடுத்தது. மத நம்பிக்கையால் எந்தப் போரிலும் சேரமாட்டேன் என்பவருக்கு ஒரு வாரியம், மாற்றுச் சேவை. இந்தப் படையில் சேரமாட்டேன் என்பவருக்கு ஆறு ஆண்டுகள் வரை சிறை. பொதுவான அகிம்சையை அதனால் பொறுத்துக்கொள்ள முடிந்தது. யாருடைய படை, யாருக்கு எதிராக என்று கேட்பதைத்தான் பொறுக்க முடியவில்லை.

ஐவன் டாம்ஸ் அப்படிக் கேட்டவர். ஆங்கிலிக்கன் கிறிஸ்தவர், மருத்துவர். முன்பு படையில் ஆயுதமேந்தாத மருத்துவராகப் பணியாற்றியவர். பிறகு கேப்டவுன் அருகே கிராஸ்ரோட்ஸ் குடிசைப் பகுதியில் மருத்துவமனை நடத்தினார். குடியிருப்புகளிலிருந்து படையை வெளியேற்றச் சொல்லி 1985இல் மூன்று வாரம் உண்ணாநோன்பு இருந்தார். மறுபடி படைக்கு அழைத்தபோது போக மறுத்தார். 1988 மார்ச்சில் 21 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது, ஒன்பது மாதம் உள்ளே இருந்தார். அவர் வாசித்ததும் போத்தா வாசித்த அதே பைபிள்தான்.

அந்தப் போதகர் அடுத்த மாதம் மறுபடி பேச வருகிறார். தம்பியை முன்வரிசையில் உட்காரச் சொல்லியிருக்கிறேன்.