யார் வேகமாய்ப் பேசுகிறார்கள்?

பிரெஞ்சு மேடையில் ஒருவனை மந்தமானவன் என்று காட்ட விரும்பும் விகடகவி, ஸ்விட்ஸர்லாந்தாரைப் போல் வார்த்தைகளை இழுத்து இழுத்துப் பேசிக் காட்டுவது வெகுநாளைய வழக்கம். சபையோரும் தவறாமல் சிரிப்பார்கள். ஜெனீவா ஏரிக்கரையிலுள்ள வோ மாகாணத்தாருக்கும் பிரெஞ்சுதான் தாய்பாஷை. ஆயினும் அவர்கள் ஆமை வேகத்திலும், பாரிஸ்வாசிகள் மூச்சு விடாமலும் பேசுவதாக ஊரார் தீர்ப்பளித்து விட்டார்கள்.

இத்தீர்ப்பு முழுப் பொய்யன்று. அசைகளை எண்ணிப் பார்த்த ஒலிநூலார், ஸ்விஸ் நகரங்கள் சிலவற்றில் பேச்சின் வேகம் பாரிஸைவிடக் குறைவென்றே கண்டிருக்கின்றனர். ஆனால் அவ்வித்தியாசம், மேடையில் நடித்துக் காட்டும் அளவுக்குப் பெரிதன்று. லியோன் நகர ஆராய்ச்சியாளர் 2011-ஆம் வருஷம் வெளியிட்ட கணக்கின்படி, பிரெஞ்சில் வினாடிக்கு 7 அசைகளுக்குச் சற்று அதிகமாகவே உச்சரிக்கப்படுகின்றன. ஆங்கிலத்தில் 6-க்குச் சற்று மேல். இவ்வளவு விரைந்தோடும் பாஷையில் அரை அசை குறைந்தால் ஆமையாகி விடுமா?

பின் ஏன் காதுக்கு அப்படிப் படுகிறது? விடை தமிழருக்கு எளிதில் விளங்கும். வோ மாகாணத்தார் இன்னும் குறில் நெடில் பேதத்தைக் கைவிடவில்லை. நண்பனைக் குறிக்கும் 'அமி' என்ற சொல்லைக் குறுக்கியும், தோழியைக் குறிக்கும் 'அமீ'யை நீட்டியும் சொல்லுகிறார்கள். பாரிஸில் இவ்விரண்டும் ஒன்றாகிவிட்டன. மேலும், சொற்றொடரின் கடைசி அசைக்கு முந்திய அசையையும் ஸ்விஸ் மக்கள் சற்று நீட்டுவதுண்டு. 'பல்' என்பதையும் 'பால்' என்பதையும் பிரித்துச் சொல்லுகிறவரை நாம் சோம்பேறி என்போமா? பேதத்தை இழந்துவிட்ட பாரிஸ் செவிக்கோ, அது வெறும் இழுப்பாகத் தோன்றுகிறது.

தெற்கே துலூஸ், மார்ஸேய் பக்கம் போனால் வேடிக்கை இன்னும் அதிகம். சிறு பெண்ணைச் சுட்டும் 'லா பெதித்' என்பதைப் பாரிஸ்காரர் பெரும்பாலும் 'லா ப்தித்' என்று இரண்டே அசையில் விழுங்கிவிடுவார். தெற்கத்தியர் எழுத்தில் உள்ள உயிரை விடாமல் 'லா பெதித்தெ' என நான்கு அசையாகச் சொல்லுவர். ஒரே விஷயத்தைச் சொல்ல அவர் நாவுக்கு வேலை அதிகம். அப்படியிருந்தும் அவர்தாம் வெயிலில் சோம்பிக் கிடப்பவர் என்று பெயர் வாங்குகிறார்! விழுங்குகிறவரே சுறுசுறுப்பானவர்.

தெற்கத்தியருக்கு இவ்வழக்கம் வந்த கதை சிரிப்புக்குரியதன்று. அவர்களுடைய முன்னோரின் பாஷை ஆக்ஸிதான். சொல்லீற்று உயிரைத் தெளிவாக ஒலிக்கும் பாஷை. 1794-இல் கிரெகுவார் பாதிரியார் புரட்சி அரசாங்கத்திடம் சமர்ப்பித்த அறிக்கையில், பிரெஞ்சு ஜனங்களில் குறைந்தது 60 லட்சம் பேர் தேசிய பாஷையை அறியார் என்று கூறி, நாட்டுப்புறப் பேச்சுக்களை ஒழித்துவிட வேண்டுமென்று வாதாடினார். பின்னர் 19-ஆம் நூற்றாண்டிலும் அதற்குப் பின்னும், பள்ளிக்கூடத்தில் தாய்ப்பேச்சைப் பேசிய குழந்தையின் கையில் அவமானச் சின்னம் ஒன்றைக் கொடுப்பார்கள். அக்குழந்தை வேறொரு குழந்தையைக் காட்டிக் கொடுத்தால்தான் அதைக் கைமாற்றலாம். ஒரு தேசம் ஒன்றுபடுவதற்கு இத்தகைய கொடுமை தேவைதானா என்பது வேறு விஷயம். பாஷை பெரும்பாலும் போயிற்று; அதன் ராகம் மட்டும் பிரெஞ்சுக்குள் புகுந்து தங்கிவிட்டது. அந்த ராகத்தைத்தான் பாரிஸ் கேலி செய்கிறது.

கேலி சிரிப்போடு நிற்பதுமில்லை. வானொலியில் செய்தி வாசிக்க விரும்பும் தெற்கத்திய இளைஞர், ஊர் உச்சரிப்பை விட்டுவிட்டு வரும்படி புத்திமதி கேட்பதுண்டு. தெற்கே எரோ பிரதேசத்துப் பிரதிநிதியான கிறிஸ்தோஃப் எயுஸே என்பவர், உச்சரிப்பைக் காரணமாகக் காட்டி ஒருவரைத் தள்ளிவைப்பது குற்றமாக வேண்டும் என்று ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். 2020-ஆம் வருஷம் நவம்பர் மாதத்தில், பாரிஸிலேயே கூடிய தேசிய சபை அதனை முதல் வாசிப்பில் மிகப் பெரும்பான்மையோடு நிறைவேற்றியது.