ஆளுக்கொரு ஊரில் ரெக்கார்டிங்: பாட்டு யாருக்குச் சொந்தம்?

விருத்தாசலத்தில் பீங்கான் வேலை முடித்து நல்லூர் வீட்டுக்கு வரும் ஒருவர் இரவில் செல்போனில் பாடுகிறார், சென்னை நண்பர் கிடார் சேர்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வீடியோ காலில் சேர்ந்து வாசிக்கலாமே? ஒலி தாமதமாக வரும், தாளம் தப்பிவிடும். அதனால்தான் ஒரே 'கிளிக்' தாளத்தை ஹெட்போனில் கேட்டு, தனித்தனியாகப் பதிவு செய்கிறார்கள்.

சிக்கலே பாட்டு ஹிட்டானால்தான். 1957 பதிப்புரிமைச் சட்டப்படி பாட்டு எழுதியவருக்கும் மெட்டு போட்டவருக்கும் தனித்தனி உரிமை உண்டு. ஒலிப்பதிவின் உரிமையோ, முன்நின்று பொறுப்பேற்றுத் தயாரித்தவருக்கு, 60 ஆண்டுகள். நாலு வீட்டில் பதிவான பாட்டுக்கு அந்த 'தயாரிப்பாளர்' யாரு?

பெரிய ஆட்களுக்கே இந்தத் தலைவலி இருக்கு. 2021-ல் வெளியான 'எஞ்சாய் எஞ்சாமி' மூலம் ஒரு ரூபாய்கூட வரவில்லை என்று 2024-ல் சொன்னார் சந்தோஷ் நாராயணன். நண்பர்களுக்குள்ள என்ன பத்திரம்னு கூச்சப்படாமல், யாருக்கு எத்தனை சதவீதம் என்பதை அப்லோடு செய்யும் முன்பே எழுதிக் கையெழுத்துப் போடுங்க. ஒரிஜினல் ஃபைல்களையும் அழிச்சிடாதீங்க.