சாவி யாரிடம் இருக்கிறது?

“ஓசியில் கிடைப்பது ஒருநாளும் உருப்படாது, ஐயா!”

இப்படித் தீர்ப்பளித்தவர் என் நண்பர். கணக்கு உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். ராயபுரத்தில் இருவரும் ஒரே தெருவில் குடியிருக்கிறோம். கட்டற்ற மென்பொருள் என்று நான் பேச்செடுத்ததுமே அந்தத் தீர்ப்பு வந்து விழுந்தது. அன்றைக்குச் சிரித்து மழுப்பிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் கோபம் வந்தது. அதற்குக் காரணம் உண்டு.

1990-களின் பிற்பகுதியில் நான் ஒரு நாவலைக் கணிப்பொறியிலேயே எழுதி முடித்தேன். கையெழுத்துப் பிரதி கிடையாது. அதற்கென்றே காசு கொடுத்து ஒரு தமிழ் எழுத்துருவும் வாங்கியிருந்தேன். அந்நாளில் எழுத்துரு விற்றவர்கள் ஒவ்வொருவரும் தத்தம் மனம்போல எழுத்துகளுக்கு எண் கொடுத்திருந்தார்கள். ஒருவர் ‘க’ வைத்த இடத்தில் இன்னொருவர் ‘ழு’ வைத்திருப்பார். அந்த வரிசை அவரவர் வீட்டு ரகசியம். நான் எழுத்துரு வாங்கிய கடை சில ஆண்டுகளில் மூடப்பட்டது. பிறகு புதுக் கணிப்பொறி வந்தது. ஆசையோடு நாவலைத் திறந்தேன். பக்கம் பக்கமாகக் கட்டமும் கேள்விக்குறியும்! என் கதாநாயகி அந்தக் கட்டங்களுக்குள் எங்கேயோ அழுதுகொண்டிருந்தாள். எழுதியவன் நான், காசு கொடுத்தவனும் நான். சாவி மட்டும் என்னிடம் இல்லை.

இது என் ஒருவன் துயரம் அல்ல. இந்தக் குழப்பத்தைத் தீர்க்கவே 1999-இல் சென்னையில் ‘தமிழ்நெட் 99’ மாநாடு கூடிப் பொது விசைப்பலகையையும் பொதுக் குறிமுறையையும் வகுத்தது. யூனிகோடு தமிழ்நாட்டு அரசின் அங்கீகாரம் பெற 2010 வரை ஆயிற்று. இடையில் எத்தனை பேருடைய எழுத்து கட்டங்களாகிப் போயிற்றோ!

என் நாவலை மீட்டது எது தெரியுமா? முகம் தெரியாத ஓர் இளைஞர் பழைய எழுத்துருக்களை யூனிகோடுக்கு மாற்றும் ஒரு நிரலை எழுதிப் பொதுவில் வைத்திருந்தார். என் எழுத்துரு அவருடைய பட்டியலில் இல்லை. ஆனால் அவர் மூலநிரலையும் கூடவே வைத்திருந்தார். அடுத்த வீட்டுப் பெண், பொறியியல் மாணவி, அதைப் படித்துப் பார்த்தாள். “தாத்தா, இதில் ஒரு அட்டவணை சேர்த்தால் போதும்” என்றாள். இரண்டு இரவு உட்கார்ந்தாள். மூன்றாம் நாள் காலையில் என் கதாநாயகி தமிழ் பேசினாள். தான் சேர்த்த அட்டவணையை அந்தப் பெண் அந்த இளைஞருக்கே திருப்பி அனுப்பியும் வைத்தாள். என்னைப் போல் தவித்த இன்னொருவருக்கு உதவட்டுமே!

இதில் ஓசி எங்கே வந்தது? காசு கொடுக்காததனால் என் நாவல் மீளவில்லை. திறந்து பார்க்க முடிந்ததனால் மீண்டது.

நண்பருக்கு விளங்க வேண்டுமானால் அவர் நாற்பது வருஷம் ஓட்டிய புல்லட்டைத்தான் சாட்சிக்கு அழைக்க வேண்டும். 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் கூட்டுச் சேர்ந்து தொடங்கிய கம்பெனி, நம் திருவொற்றியூரில் அந்த வண்டியைச் செய்தது. முதலில் வந்தவை பாகங்கள். பூட்டுவது மட்டுமே நம் வேலை. 1957-இல் பாகங்களைச் செய்யும் கருவிகளே வந்து சேர்ந்தன. 1962-க்குள் எல்லாப் பாகமும் இங்கேயே தயாராயிற்று. 1971-இல் இங்கிலாந்துக் கம்பெனி கலைந்துபோயிற்று. திருவொற்றியூர்ப் புல்லட் ஓடிக்கொண்டே இருந்தது. பாகத்தை மட்டும் வாங்கியிருந்தால் அன்றோடு கதை முடிந்திருக்கும். செய்யும் வகையும் கைக்கு வந்ததால் பிழைத்தோம்.

மென்பொருளுக்குச் செய்யும் வகைதான் மூலநிரல். மனிதன் எழுதிப் படிக்கும் வாசகம் அது. கணிப்பொறி விழுங்குவதோ அதை அரைத்த மாவு. மாவை மட்டும் விற்கிறவன் அரிசியைக் காட்டமாட்டான். 1983-இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் இதை எதிர்த்துக் கிளம்பினார். எந்தக் காரியத்துக்கும் ஓட்டலாம், படித்து மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம், மாற்றியதையும் கொடுக்கலாம் என்ற நான்கு உரிமைகளே அவர் கேட்டவை. 1991-இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ், இன்று உலகத்துப் பெரிய கணிப்பொறிகளிலும் நம் ஆண்ட்ராய்டு கைப்பேசிகளிலும் அடித்தளமாக இருக்கிறது. ஆங்கிலத்தில் இலவசத்துக்கும் விடுதலைக்கும் ஒரே சொல். அதனால் அவர்கள் ஓயாமல் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது. தமிழில் இரண்டு சொல் இருந்தும் நாம் குழப்பிக்கொள்கிறோமே, அதுதான் வெட்கம்.

“எல்லோரும் பட்டினத்தாராகிவிட முடியுமா?” என்றும் நண்பர் கேட்டார். அந்த மகான் சமாதி திருவொற்றியூரில் இருப்பதனால் அவருக்கு உவமை சுலபமாகக் கிடைத்தது. ஐயா, இது துறவு அல்ல. லினக்ஸை எழுதுகிறவர்களில் பெரும்பாலோருக்குக் கம்பெனிகள் சம்பளம் கொடுக்கின்றன. ஊர்க் கிணற்றைத் தூர்வாருவதில் தமக்கும் லாபம் உண்டென்று அவற்றுக்குத் தெரியும். 2010-இல் ஓப்பன் ஆபீஸ் வேறொரு கம்பெனியின் கைக்குப் போனபோது, எழுதியவர்களில் பலர் மூலநிரலை எடுத்துக்கொண்டு லிப்ரே ஆபீஸ் என்று தனியாக நடத்தத் தொடங்கினார்கள். இந்தக் கட்டுரையை அதில்தான் எழுதுகிறேன்.

“உம் நாவலுக்கு மட்டும் உரிமைத்தொகை வாங்குகிறீரே?” என்பது அடுத்த கேள்வி. வாங்குகிறேன், மென்பொருள் எழுதுகிறவரும் வாங்கட்டும். கட்டற்ற மென்பொருளை விற்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. ஆனால் என் நாவலை வாங்கியவர் ஒவ்வோர் எழுத்தையும் படிக்கிறார். ஓரத்தில் திட்டி எழுதுகிறார். அண்டை வீட்டாருக்கு இரவல் தருகிறார். பதிப்பகம் மூடினாலும் புத்தகம் அவர் அலமாரியில் கட்டங்களாகி விடுவதில்லை.

ஓசியை இழிவாகப் பேசும் நண்பர் வீட்டில் என்ன ஓடிற்று தெரியுமா? பேரன் ஐம்பது ரூபாய்க்கு ஒரு கடையில் போட்டுக்கொண்டு வந்த திருட்டுப் பிரதி! திருடினால் கௌரவம், பொதுவில் வைத்ததை உரிமையோடு எடுத்தால் கேவலம். நம் நடுத்தர வர்க்கத்துக்கு மட்டுமே வாய்த்த தர்மம் இது.

2011-இல் தொடங்கிய மடிக்கணினித் திட்டத்தில் மாணவர்களுக்குப் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே கிடைத்தது. எங்கள் தெருப் பையன்கள் அதை அழித்துவிட்டுத்தான் மறுவேலை பார்த்தார்கள். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ‘இதைப் பிரித்துப் பார்க்கலாம், உன் கையால் மாற்றலாம்’ என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. பொருளைக் கொடுத்தோம், அதோடு வந்த உரிமையைச் சொல்லிக்கொடுக்க மறந்தோம்.

திருவொற்றியூர் நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு மெக்கானிக் புல்லட்டைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் எடுபிடிப் பையன் குத்தவைத்துப் பார்த்துக்கொண்டிருப்பான். அந்தப் பையன் அப்படித்தான் மெக்கானிக் ஆகிறான். நம் பிள்ளைகளுக்கு முன்னாலோ பூட்டிய பெட்டியை வைத்து, ‘தொடாதே, வாடகை மட்டும் கட்டு’ என்கிறோம். அடுத்த முறை வீட்டுக்கோ பள்ளிக்கோ கணிப்பொறி வாங்கும்போது, விலையைக் கேட்பதற்கு முன்னால், சாவி யாரிடம் இருக்கும் என்று கேளுங்கள். நான் கேட்காமல் ஒரு நாவலை இழக்க இருந்தவன்.