ஆறாம் வகுப்பிலேயே தொடங்கும் விண்ணப்பம்!

ஏற்காடு கரடியூரிலும், சுற்றியுள்ள சேர்வராயன் மலைக் கிராமங்களிலும் படிக்கும் செல்லங்களே... 'மருத்துவம் சார்ந்த படிப்புக்கு, பிளஸ் 2 முடித்தபின் விண்ணப்பித்தால் போதும்' என நினைக்கிறீர்களா? சற்றுப் பொறுங்கள்!

தமிழகத்தில், 2017 முதல் நீட் தேர்வு வழியாகவே எம்.பி.பி.எஸ்., சேர்க்கை நடக்கிறது. இதனால், அரசுப் பள்ளி மாணவர்களுக்குக் கிடைத்த இடங்கள் மிகக் குறைந்தன. இதைச் சரிசெய்ய, 2020ல் தமிழக அரசு சட்டம் இயற்றியது. அதன்படி, மாநில ஒதுக்கீட்டு இடங்களில் 7.5 சதவீதம் அவர்களுக்கே. அதாவது, 1,000 இடங்களில் 75!

பொதுவாக, ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் 2 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். நீட் தேர்விலும் தகுதி பெற வேண்டும். நடுவில் தனியார் பள்ளிக்கு மாறும்முன், இதை வீட்டில் எடுத்துச் சொல்லுங்கள்.

டாக்டர் படிப்பு மட்டும்தானா? நோய்க் கிருமிகளை ஆராயும் நுண்ணுயிரியல், உடலின் வேதி மாற்றங்களை ஆராயும் உயிர்வேதியியல் ஆகிய பி.எஸ்சி., படிப்புகளும் உண்டு. கலை, அறிவியல் கல்லூரிகளில் இவற்றில் சேர, பிளஸ் 2 மதிப்பெண்ணே போதும். பிளஸ் 1ல் உயிரியல் உள்ள பிரிவைக் கேட்டு வாங்குங்கள்.

சேலம் மாவட்ட மலையாளி மக்கள், பழங்குடியினர் பட்டியலில் உள்ளனர். அவர்களுக்கு 1 சதவீத இட ஒதுக்கீடு உண்டு. ஜாதிச் சான்றிதழ் இல்லாவிட்டால், உரிமை இருந்தும் பயனில்லை. கோட்டாட்சியரிடம் இப்போதே விண்ணப்பிக்க, பெற்றோரை நச்சரியுங்கள்; தப்பேயில்லை!