மலைநாட்டில் ஓடும் மாணவர்க்கு உடை

மலைநாட்டுக்கு நெடுந்தூர ஓட்டத்துக்குச் செல்லும் நம் மாணவர்க்குக் கல்லூரிச் சின்னம் பொறித்த தடித்த பருத்திச் சட்டையே தக்க உடையென்று கருதும் வழக்கம் நம்மிடையே உண்டு. அணிவகுப்புக்கு அது நன்று, ஓட்டத்துக்கு ஆகாது.

கடல்மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் தை மாத விடியலிற் சில நாள் உறைபனியும் விழும். தென்மேல் பருவத்திலோ மழை ஓயாது. பருத்தி நீரை உறிஞ்சித் தன்னகத்தே தேக்கிக்கொள்ளும். நனைந்த துணி மேனியில் ஒட்ட, காற்றும் வீசுமாயின், உடற்சூடு விரைந்து கழியும். ஓடுபவன் களைத்து நடக்கத் தொடங்கியதும் நடுக்கம் பற்றும். பொலியெஸ்டர் ஏற்கும் நீர் மிகச் சிறிது. பிழிந்து உதறினால் விரைவில் உலரும். கம்பளி நனைந்தும் ஓரளவு சூடு காக்கும். ஆயின் விலை மிகுதி.

ஆதலின் மெல்லிய பொலியெஸ்டர் பனியன் ஒன்றும், அதன்மேற் காற்றைத் தடுக்கும் நைலோன் சட்டை ஒன்றும் போதும். நீர் புகா மழையங்கி வேண்டா. உள்ளே தேங்கும் வியர்வையே மழையின் வேலையைச் செய்துவிடும். புறப்படும்போது சற்றுக் குளிர்வதே அளவான உடை.

நம் நாட்டு ஆடைத் தொழிற்சாலைகளின் ஏற்றுமதியில் எஞ்சியவை நுவரெலியாக் கடைத்தெருவிலேயே மலிவாகக் கிடைக்கின்றன. பெயர் பெற்ற முத்திரைக்குப் பன்மடங்கு கொடுப்பானேன்? சட்டைக்குப் பணமின்மையால் ஓட்டத்துக்கே பெயர் கொடாத மாணவரை நாம் அறிவோம். யூபிலி நினைவாகத் தடித்த சட்டை வழங்க எண்ணும் பழைய மாணவர், அப்பணத்திற் பனியன்களும், ஓட்டம் முடிந்தபின் மாற்றுதற்கு உலர்ந்த சட்டையும், ஆளுக்கொரு துவாயும் வாங்கித் தருவாராக. சின்னத்தைத் துவாயிலும் பொறிக்கலாம்.